பதினேழாம் மூடி

ஆய்வகத்தில் பெட்ரி தட்டு ஒன்பது.
வகுப்பில் பிள்ளைகள் முப்பத்தொரு பேர்.
மீதிக்கு ஐஸ்கிரீம் கப் மூடி,
பிரியாணி டப்பா மூடி,
அடியில் மடித்துப் போட்ட வேட்டித் துணி.
மூடிக்கு இருபத்தைந்து நெல், சி.ஆர். ரகம்.
விரிவாக்க மையத்தில் கையெழுத்துப் போட்டு
இருநூறு கிராம் வாங்கினேன்.
எவ்வளவு பரப்புக்கு என்ற கட்டத்தில்
'ஒரு மேசை' என்று எழுதினேன்.
கிளார்க் இரண்டு தடவை படித்தார்.

அவரவர் வீட்டுத் தண்ணீர்
அவரவர் பாட்டிலில்.
அது ஒன்றுதான் விதி.

ஃபர்ஹானா பள்ளிவாசல் தெரு அடிபம்பில் பிடித்தாள்.
ஜெனோவா கொண்டுவந்தது வாய்க்கால்.
மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்து
அரிச்சந்திரா நதி வழியாக
எங்கள் கடைமடைக்கு ஒருவழியாக வந்து சேர்ந்த
அந்தக் கலங்கல்.
மணிமொழியான் மட்டும்
"குடிக்கிற தண்ணியா டீச்சர், குளிக்கிற தண்ணியா?"
என்று கேட்டான்.
நான் அதை யோசித்தே வைத்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் எண்ணினோம்.
வாய்க்கால் இருபத்து மூன்று.
அடிபம்புகள் பத்தொன்பது, பதினாறு, பதினொன்று.
கடல் பக்கம் போகப் போக எண் இறங்கியது.
பதினேழாம் மூடியில் மட்டும்
இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.
கிழக்குக் கோடி வீடு, துர்க்காவுடையது.
வகுப்பே கை தட்டியது.
அவள் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளையில்
வேறொரு பாட்டிலோடு வந்து நின்றாள்.
"அன்னைக்குக் கொண்டாந்தது
டீக்கடை கேன் தண்ணி டீச்சர்.
இதுதான் எங்களுது."
பள்ளியில் டி.டி.எஸ். மீட்டர் இல்லை.
பாட்டில் மூடியில் ஊற்றி நாக்கில் வைத்தேன்.
துப்ப மனம் வரவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மணிமொழியானின் கேள்வி
அப்போதுதான் தொண்டையில் இறங்கியது.

எனக்கொரு மெட்டாஃபேஸ் ஞாபகம் வந்தது.
பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு, திருவாரூர்.
வெங்காய வேர்நுனி.
நுண்ணோக்கியில் தெரிந்தது
என் இமை முடியும் ஒரு காற்றுக் குமிழும்.
வரைந்தது
நடுக்கோட்டில் அணிவகுத்த குரோமோசோம்கள்,
புத்தகத்தில் எப்படியோ அப்படியே,
பென்சிலைச் சீவிச் சீவி.
இருபதுக்கு இருபது.
அந்த இருபதின் மேல்தான்
இந்த நாற்காலி போட்டிருக்கிறது.

"அழிக்காதே," என்றேன்.
"ஒரே ஒரு கோடு போடு.
கீழே இருக்கிறது படிக்கத் தெரியணும்.
பக்கத்துல தேதி எழுது."
அவள் ரப்பரைப் பைக்குள் போட்டாள்.

திங்கட்கிழமை என் மேசையில்
இன்னும் நாலு பாட்டில்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
ஆறு. பதினொன்று. இருபது. இருபத்தாறு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
மணிமொழியான் எழுந்து போய்த்
துணி நனைத்தான்.

மறுபடி ஐந்து நாள்.
பதினேழில் முளைத்தது இரண்டு.
வெள்ளை நுனி, ஊசிக்கண் அளவு.
மற்ற இருபத்து மூன்றும்
ஊறி, உப்பி, அப்படியே கிடந்தன.
துர்க்கா எண்ணிக்கையை எழுதிவிட்டுக்
குனிந்தபடியே கேட்டாள்:
"இந்த ரெண்டு மட்டும் ஏன் டீச்சர்?"

பாடநூலில் இதற்கு அரைப் பத்தி இருக்கிறது.
இரவு இரண்டு தடவை படித்தேன். போதவில்லை.
மறுநாள் "தெரியல" என்றேன்.
வகுப்பு அதை ஒரு விடையைப் போலவே
நோட்டில் எழுதிக்கொண்டது.

அந்த இரண்டும் இப்போது
சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்
ஒரு பெயின்ட் டப்பாவில்,
ஆட்டுக்கு எட்டாத உயரத்தில்.
ஊற்றுவது துர்க்கா வீட்டுத் தண்ணீரே.
தேர்வாளர் வருவதற்குள் என்ன ஆகுமோ.
ரெக்கார்டில் 'முடிவு' என்ற தலைப்புக்குக் கீழே
முப்பத்தொரு பேரும்
முப்பத்தொரு விதமாய் எழுதியிருக்கிறார்கள்.
மதிப்பெண் எப்படிப் போடுவார் என்று
நினைக்கவே பயமாக இருக்கிறது.

நேற்று இரவு சமையலறையில்
ஒரு டம்ளரின் வாயில் வெங்காயம் ஒன்றை வைத்தேன்,
அடிப்பாகம் நீரைத் தொடுகிற மாதிரி.
எங்கள் வீட்டுத் தண்ணீர்தான்.
முப்பத்தொன்பது வயதிலாவது
ஒரு மெட்டாஃபேஸைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

காலையில் தூக்கிப் பார்த்தேன்.
வேர் இன்னும் வரவில்லை.